பத்து சதவீதக்காரர்: ஜே. பி. பிங்கரும் அவர் தாங்கிய எழுத்தாளர்களும்

1899 அக்டோபரில் லண்டனிலிருந்து ஒரு கடிதம் சசெக்ஸ் கிராமப்புறத்துக்குப் போனது. அதன் சாரம் இவ்வளவுதான்: வெள்ளிக்கிழமை இருபது பவுண்டு வேண்டும் என்று தந்தி அடித்தீர்கள். திங்கட்கிழமை உங்கள் மனைவி அதை ஐம்பது ஆக்கினார். இன்று வந்த உங்கள் கடிதம் நூற்றைம்பது கேட்கிறது. இதே வேகத்தில் போனால் இன்னும் ஒரு வாரத்தில் உங்கள் தேவையைத் தீர்த்துவைக்க உங்கள் ஏஜென்ட் கோடீஸ்வரராக இருந்தாக வேண்டும்.

எழுதியவர் ஜேம்ஸ் பிராண்ட் பிங்கர். கடிதம் போனது அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிரேனுக்கு. போரையே பார்க்காமல் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி நாவல் எழுதி, இருபத்து நான்கு வயதுக்குள் புகழ் பெற்றவர் கிரேன். அப்போது இங்கிலாந்தில் ஒரு பழைய மாளிகையை வாடகைக்கு எடுத்து, வருவோர் போவோருக்கெல்லாம் விருந்து வைத்துக்கொண்டிருந்தார். கையில் காசில்லை, உடம்பில் காசநோய். அடுத்த ஜூன் மாதமே ஜெர்மனியில் இறந்துபோனார். வயது 28.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரேன் பணம் கேட்டது தன் புத்தகத்தைப் போடும் பதிப்பாளரிடம் அல்ல, அந்தப் புத்தகத்தை விற்றுக்கொடுக்கும் தரகரிடம். இலக்கிய முகவர் என்ற தொழிலில் பிங்கர் கொண்டுவந்த மாற்றம் இதற்குள்தான் இருக்கிறது.

நமக்கு ஏஜென்ட் என்றால் எல்.ஐ.சி. ஏஜென்ட் ஞாபகத்துக்கு வருவார். தமிழில் எழுத்தாளர் நேராகப் பதிப்பாளரிடம் போய்ப் பேசுவதுதான் வழக்கம், நடுவில் ஆள் கிடையாது. இங்கிலாந்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி அப்படித்தான் போனது. நாவல்கள் மூன்று பாகமாக வரும், விலை அதிகம், வாங்குவது பெரும்பாலும் வாடகை நூலகங்கள். பதிப்பாளர் ஒரு தொகையைக் கொடுத்து உரிமையை மொத்தமாக எடுத்துக்கொள்வார். இதில் பேரம் பேசவும் பெரிதாக ஒன்றுமில்லை.

இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் எல்லாம் மாறிப்போனது. 1870-ல் வந்த கல்விச் சட்டத்தால் புதிதாகப் படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை உருவானது. அவர்களை நம்பி மலிவு விலைப் பத்திரிகைகள் கிளம்பின. எல்லாவற்றுக்கும் கதை வேண்டியிருந்தது. 1891-ல் அமெரிக்கா வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கும் காப்புரிமை தரச் சம்மதித்தது. அதற்கு முன்னால் அங்கே ஆங்கிலேயரின் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம், காலணா கொடுக்கத் தேவையில்லை. புதிய சட்டத்திலும் ஒரு பூட்டு இருந்தது: அமெரிக்காவில் கோத்த அச்சிலிருந்துதான் புத்தகம் அங்கே வர வேண்டும், வேறு நாட்டில் வருவதற்குப் பிந்தியும் வரக் கூடாது. லண்டனில் ஒரு நாள் முந்தினால் நியூயார்க்கில் உரிமை போச்சு. 1894-ல் பெரிய வாடகை நூலகங்கள் கைவிட்டதும் மூன்று பாக நாவலும் செத்தது.

ஆக, ஒரே கதையை இப்போது பத்துத் துண்டாக வெட்டி விற்கலாம். பிரிட்டிஷ் பத்திரிகையில் தொடராக ஒரு விலை, அமெரிக்கப் பத்திரிகையில் தொடராக வேறு விலை, இரண்டு நாட்டிலும் புத்தகமாகத் தனித்தனி விலை, இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பும் காலனிப் பதிப்பு, ஐரோப்பாவில் விற்கும் ஆங்கிலப் பதிப்பு, மொழிபெயர்ப்பு, நாடகம், பிறகு சினிமா. இத்தனையையும் தேதி பிசகாமல் பார்த்துக்கொள்ள எழுதுகிறவருக்கு நேரமும் கிடையாது, பெரும்பாலும் சாமர்த்தியமும் கிடையாது. இந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் நுழைந்தார்.

முதலில் நுழைந்தவர் ஏ. பி. வாட் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஹார்டி, கிப்ளிங், கோனன் டாயில் என்று அவரிடம் இருந்தவர்களெல்லாம் பெரிய தலைகள். வரும் பணத்தில் பத்து சதவீதம் தனக்கு என்ற கணக்கை நிலைப்படுத்தியவரும் அவரே. பதிப்பாளர்களுக்கு இது பிடிக்குமா? வில்லியம் ஹைன்மன் 1893-லேயே ஒரு வாரப் பத்திரிகையில் இடைத்தரகர்களை ஒட்டுண்ணிகள் என்று திட்டி எழுதினார். எழுத்தாளர்களிலும் பெர்னார்ட் ஷா மாதிரி ஆட்கள் தங்கள் ஒப்பந்தத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். ஷாவின் அபிப்பிராயத்தில் வியாபாரத்துக்கும் லாயக்கில்லாமல் இலக்கியத்துக்கும் லாயக்கில்லாமல் போனவர்களின் புகலிடம் அந்தத் தொழில். ஷாவுக்குப் பேரம் பேசத் தெரியும், சொல்லிவிட்டுப் போகலாம். பிங்கர் பின்னாளில் தாங்கிய நாவலாசிரியர் கான்ராடுக்குத் தெரியாது.

பிங்கர் பிறந்தது 1863-ல், சாதாரணக் குடும்பத்தில். படிப்பு அதிகமில்லை. டில்பரி துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். அப்புறம் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போய் அங்கே ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் எழுதினார். வசதியான வீட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பி வந்தவர், லண்டன் படப் பத்திரிகை ஒன்றில் உதவி ஆசிரியரானார். ஒரு பதிப்பகத்துக்குக் கைப்பிரதிகளைப் படித்துச் சொல்லும் வேலையும் பார்த்தார். அதாவது பத்திரிகை எந்தக் கதையை வாங்கும், பதிப்பகம் எதைத் திருப்பி அனுப்பும் என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். 1896 ஜனவரியில் ஸ்ட்ராண்ட் சாலையை ஒட்டிய அருண்டெல் தெருவில் சொந்தமாக அலுவலகம் திறந்தார்.

பெரிய தலைகளெல்லாம் வாட்டிடம் இருந்தார்கள். பிங்கர் புதியவர்களைப் பிடித்தார். ஆரம்ப நிலையில் இருக்கும் எழுத்தாளர்களுக்கு உதவுவதே தன் தனிச் சிறப்பு என்று எழுத்தாளர்களுக்கான கையேட்டில் விளம்பரமும் கொடுத்தார். எச். ஜி. வெல்ஸ், கிரேன், ஹென்றி ஜேம்ஸ், ஜோசப் கான்ராட், அர்னால்ட் பென்னட், பின்னாளில் டி. எச். லாரன்ஸ், ஜேம்ஸ் ஜாய்ஸ் என்று அந்தப் பட்டியலை இன்று படித்தால் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டம் மாதிரி இருக்கும். அன்று அதில் பாதிப் பேர் விற்காத சரக்கு.

விற்காத சரக்கில் பத்து சதவீதம் எடுத்து எப்படிப் பிழைப்பது? பிங்கர் செய்தது நம் ஊர் கமிஷன் மண்டிக்காரர் செய்வதுதான். விதைக்கும்போதே முன்பணம் கொடுப்பார். வெள்ளாமை வந்ததும் சரக்கு அவர் மண்டிக்குத்தான் வர வேண்டும், விற்ற பணத்தில் கடனும் கமிஷனும் கழித்துக்கொண்டு மிச்சம் கைக்கு வரும். பிங்கர் எழுதாத நாவலுக்குத் தன் கைக்காசிலிருந்து முன்பணம் கொடுத்தார். அத்தியாயம் வர வர விற்றார். எழுத்தாளருக்குப் பசியில்லாமல் எழுத நேரம் கிடைத்தது, பிங்கருக்கு அந்த எழுத்தாளர் வேறெங்கும் போகாமல் இருப்பார் என்ற உத்தரவாதம் கிடைத்தது. இதில் கருணை எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். இரண்டும் இருந்தன என்றுதான் எனக்குப் படுகிறது.

கான்ராட் விஷயத்தில் கணக்கு வெகுகாலம் பொய்த்தது. 1899-ல் பிங்கர் அவரை அணுகியபோது கான்ராட் கொடுத்த பதில், ஓர் ஏஜென்ட்டுக்குக் கிடைக்கக்கூடிய மிக நேர்மையான எச்சரிக்கை. நான் வியாபாரத்துக்கு லாயக்கில்லாதவன், எழுதத் தொடங்கும் முன்பே கதையை விற்றுவிடுவேன், பாதி முடித்ததும் பணம் வாங்கிக்கொள்வேன், மீதிப் பாதியை மனம் வந்தால்தான் எழுதுவேன் என்ற பொருளில் எழுதினார். அடுத்த வருடமே இருவரும் சேர்ந்தார்கள். எழுதியபடியே நடந்துகொண்டார் கான்ராட், அதில் குறை சொல்ல முடியாது.

கான்ராட் போலந்துக்காரர். ஆங்கிலம் அவருக்கு மூன்றாவது மொழி, வளர்ந்தபிறகு கப்பலில் கற்றுக்கொண்டது. இருபது வருடம் போலக் கடலில் இருந்துவிட்டு எழுத வந்தவர். மெதுவாக எழுதுவார், சிறுகதை என்று ஆரம்பிப்பது நாவலாக நீண்டுவிடும். துரதிர்ஷ்டமும் துரத்தியது. 1902-ல் மேசை விளக்கு வெடித்து, பத்திரிகைத் தொடருக்காக எழுதிக்கொண்டிருந்த ஒரு கதையின் கைப்பிரதியில் ஒரு பகுதி எரிந்துபோனது. 1904-ல் மனைவி ஜெஸ்ஸி விழுந்து முழங்காலில் பலத்த அடி, அது ஆயுளுக்கும் தீரவில்லை. அதே வருடம் அவர் கணக்கு வைத்திருந்த வங்கி திவாலானது. வாடகை, வைத்தியச் செலவு, கடைக்காரர் பாக்கி என்று எல்லாமே பிங்கர் மேசைக்கு வந்தன. இன்னாருக்கு இவ்வளவு கட்டிவிடுங்கள், பக்கங்கள் இதோ வருகின்றன என்று கான்ராட் எழுதிக்கொண்டே இருப்பார். சில சமயம் பக்கங்களும் வரும்.

1909 முடியும்போது கடன் இரண்டாயிரம் பவுண்டைத் தாண்டியிருந்தது. லண்டனில் ஒரு குமாஸ்தாவின் வருடச் சம்பளம் நூறு பவுண்டைச் சுற்றி இருந்த காலம் அது. பிங்கர் பொறுமை இழந்தார். ரஷ்யப் புரட்சியாளர்களைப் பற்றிய நாவலை இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தார் கான்ராட். குறித்த காலத்தில் பக்கங்கள் வராவிட்டால் இனிப் பணம் கிடையாது என்று பிங்கர் சொன்னதும், கைப்பிரதியைத் தூக்கி நெருப்பில் போட்டுவிடுவேன் என்று நண்பர் கால்ஸ்வொர்த்தியிடம் கொதித்தார். கடைசியில் 1910 ஜனவரியில் நாவலை முடித்து எடுத்துக்கொண்டு லண்டன் போனார். அந்தச் சந்திப்பு பெரும் சண்டையில் முடிந்தது. வாக்குவாதத்தின் நடுவே, நீங்கள் பேசுவது ஆங்கிலமே இல்லை என்று பிங்கர் சொல்லிவிட்டார்.

யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். கான்ராட் வீட்டுக்குத் திரும்பியதும் படுக்கையில் விழுந்தார். காய்ச்சலில் போலிஷ் மொழியில் பிதற்றினார். முடித்த நாவல் கட்டில் கால்மாட்டில் ஒரு மேசைமேல் கிடந்தது, மனைவியைக்கூடத் தொட விடவில்லை. அந்த நாவலின் பாத்திரங்களோடு அவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்று ஜெஸ்ஸி ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். மே மாதம் உடம்பு தேறியதும் பிங்கருக்கு கான்ராட் எழுதிய கடிதத்தில் பழைய நேசமான விளிப்பு இல்லை. கடைசியாகப் பார்த்தபோது நான் ஆங்கிலம் பேசவில்லை என்று சொன்னீர்கள், ஆகவே என் சார்பில் பேச ஒரு வழக்கறிஞரை அமர்த்தியிருக்கிறேன் என்று வெட்டிவிட்டார்.

விசித்திரம் என்னவென்றால், பேச்சு நின்றபிறகும் வியாபாரம் நிற்கவில்லை. பிங்கர் கான்ராடின் கதைகளை விற்றுக்கொண்டேதான் இருந்தார். அடுத்த நாவலான ‘சான்ஸ்’ஸை நியூயார்க் ஹெரால்ட் பத்திரிகைக்குத் தொடராக விற்றதும் அவரே. அது 1914-ல் புத்தகமாக வந்து நன்றாக ஓடியது. ஐம்பத்தாறு வயதில் கான்ராட் முதல் தடவையாக நன்றாக விற்கும் எழுத்தாளரானார். அதற்குள் கோபமும் ஆறிவிட்டிருந்தது. என் புத்தகங்களை ஆங்கில இலக்கியத்தின் சொத்து என்கிறார்கள், அவை பிறந்ததில் எனக்கு இருக்கும் பங்கு பிங்கருக்கும் உண்டு என்ற பொருளில் 1916-ல் நியூயார்க் வழக்கறிஞர் ஜான் குவினுக்கு எழுதினார். 1920-ல் இருவரும் சேர்ந்து கான்ராட் கதை ஒன்றை வைத்து மௌனப் படத்துக்குத் திரைக்கதைகூட எழுதினார்கள். யாரும் எடுக்கவில்லை. பிங்கர் நல்ல ஏஜென்ட், அவ்வளவுதான்.

பென்னட்டின் கணக்கு நேர் எதிர். மட்பாண்டத் தொழிற்சாலைகள் நிறைந்த ஸ்டாஃபர்ட்ஷயரிலிருந்து வந்த அவர், வருடக் கடைசியில் இத்தனை வார்த்தை எழுதினேன் என்று நாட்குறிப்பில் கூட்டிப் போடும் ரகம். பாரிஸில் உட்கார்ந்து எழுத மாதம் ஐம்பது பவுண்டு பிங்கரிடமிருந்து போனது. ஒரே வருடத்தில் இத்தனை புத்தகம் வந்தால் பெயர் மலிந்துவிடும் என்பது பிங்கரின் கவலை. நான் வேகமாக எழுதினால்தான் நன்றாக எழுதுகிறேன் என்பது பென்னட்டின் பதில். கடன் சில வருடம் ஏறியது, 1908-ல் வந்த பெரிய நாவலுக்குப் பிறகு வேகமாக இறங்கியது. பென்னட் சொந்தமாகப் பாய்மரப் படகு வாங்கும் நிலைக்கு வந்தார். நன்றியும் மறக்கவில்லை. ஒரு பத்திரிகைப் பத்தியில் ஏஜென்ட்டுகளுக்காக வரிந்துகட்டி எழுதினார், அதுவும் ஜேக்கப் டான்சன் என்ற பழங்காலப் பதிப்பாளரின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு.

ஹென்றி ஜேம்ஸுக்கு பிங்கர் செய்ததில் பெரிய வேலை, 1907 முதல் நியூயார்க்கில் 24 தொகுதிகளாக வந்த அவருடைய திருத்திய பதிப்பு. பல பதிப்பாளர்களிடம் சிதறிக் கிடந்த உரிமைகளை ஒன்றுசேர்க்கவே பெரும்பாடு. கடைசியில் 1908-ல் வந்த முதல் ராயல்டி 211 டாலர். ஜேம்ஸ் நொறுங்கிப்போனார். பிறகு 1912-ல், அந்தப் பதிப்பைப் போட்ட ஸ்கிரிப்னர் நிறுவனம் ஒரு புதிய நாவலுக்கு 8000 டாலர் முன்பணம் தருவதாகச் சொன்னது. ஜேம்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. உண்மையில் அது அவருடைய தோழியான நாவலாசிரியை ஈடித் வார்ட்டன் தன் ராயல்டியிலிருந்து ரகசியமாகத் திருப்பிவிட்ட பணம். ஜேம்ஸ் சாகும்வரை அதை அறியவில்லை. முதல் தவணை 4000 வந்தபோது பிங்கர் வழக்கம்போலத் தன் 400-ஐக் கழித்துக்கொண்டு 3600 கொடுத்தார். தோழி செய்த தர்மத்திலும் பத்து சதவீதம். தொழில் அப்படி.

பிங்கரால் முடியாததும் இருந்தது. 1914-ல் லாரன்ஸுக்கு மெத்யூன் நிறுவனத்திடம் 300 பவுண்டு முன்பணம் வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருடம் ‘தி ரெயின்போ’ வந்தது, ஆபாசம் என்று வழக்கு வந்தது, நீதிமன்ற உத்தரவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிகள் அழிக்கப்பட்டன. பதிப்பாளர் எதிர்த்து வாதாடவில்லை, மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு லாரன்ஸை லண்டனில் எந்தக் கதவும் திறந்து வரவேற்கவில்லை. பிங்கரின் பேரம் பேசும் திறமை அங்கே செல்லவில்லை, ஏனென்றால் விலை குறித்த தகராறே அல்ல அது. 1920 வாக்கில் லாரன்ஸ் கசந்து விலகினார், பிங்கரைப் புதுப்பணக்காரப் பகட்டுக்காரர் என்று ஏசவும் செய்தார். ட்ரியெஸ்ட் நகரில் இருந்த ஜாய்ஸை வெல்ஸ் சிபாரிசில் 1915-ல் ஏற்றுக்கொண்டதும் இதே கதைதான். அவருடைய முதல் நாவலை பிங்கர் கதவு கதவாகக் கொண்டுபோனார். கடைசியில் அதை வெளியிட்டவர்கள் நியூயார்க்கில் ஒரு சிறு பதிப்பாளரும், லண்டனில் ஹாரியட் வீவர் என்ற பெண்மணி நடத்திய சிறு பத்திரிகையும்தான். நவீன இலக்கியம் பெரிய பதிப்பகங்களின் சந்தையைத் தாண்டி, புரவலர்களின் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அங்கே தரகருக்கு வேலை குறைவு.

ஆள் எப்படி இருப்பார்? நாவலாசிரியர் ஃபிராங்க் ஸ்வின்னர்டன் ஒரு பதிப்பகத்தில் வேலை பார்த்தவர், பிங்கரைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அவர் வரைகிற படம் இது: குட்டையான உருவம், சிவந்த வட்ட முகம், முன்துருத்திய கீழுதடு, காதில் விழாத கரகரத்த குரல், தலையையோ உதட்டையோ அசைக்காத பேச்சு. எழுத்தாளர்களின் பண ரகசியமும் பதிப்பாளர்களின் பலவீனமும் தெரிந்தவர். சில பதிப்பாளர்கள் பயந்தார்கள், சிலர் உள்ளேயே விடவில்லை. சர்ரே பக்கம் பெரிய வீடு, குதிரைகள். நான்கு குதிரை பூட்டிய வண்டியைத் தானே ஓட்டுவது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. துறைமுகக் குமாஸ்தாவிலிருந்து அங்கே வந்திருக்கிறார். லாரன்ஸின் ஏச்சுக்கு அந்தக் குதிரை வண்டிக்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

1922 பிப்ரவரியில் வேலை விஷயமாக நியூயார்க் போன இடத்தில் சளிக்காய்ச்சல் நிமோனியாவாக முற்றி பிங்கர் இறந்தார். அறுபதைத் தொடவில்லை. கான்ராட் ஒடிந்துபோனார், இரண்டு வருடம் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார். நிறுவனம் மகன்கள் எரிக், ரால்ஃப் கைக்கு வந்தது.

பிங்கரின் தொழில்முறையில் ஓர் ஓட்டை ஆரம்பத்திலிருந்தே இருந்தது. பதிப்பாளரும் பத்திரிகையும் கொடுக்கும் பணம் எல்லாம் முதலில் ஏஜென்ட் கைக்கு வரும். அவர் கணக்குப் பார்த்து, கடனைக் கழித்து, மிச்சத்தை அனுப்புவார். எழுத்தாளரின் பணமும் ஏஜென்ட்டின் பணமும் இப்படி ஒரே கையில் புழங்கியதால்தான் அப்பா கான்ராடையும் பென்னட்டையும் வருடக்கணக்கில் தாங்க முடிந்தது. மகன்களுக்கு அதே வழி வேறு விதமாகப் பயன்பட்டது. நியூயார்க்கில் அலுவலகம் நடத்திய எரிக், ஈ. ஃபிலிப்ஸ் ஓப்பன்ஹைம் என்ற சாகச நாவலாசிரியரின் பணத்தைக் கையாடியதாக 1939-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிங் சிங் சிறைக்குப் போனார். லண்டனில் ரால்ஃபும் சில வருடத்தில் இதே மாதிரி விவகாரத்தில் சிறைக்குப் போக, நிறுவனம் மூழ்கியது. வாட்டின் நிறுவனம் 2012-ல் வேறொரு ஏஜென்சியோடு இணையும்வரை தனித்து நின்றது.

இன்று பிரிட்டனில் உள்ளூர் விற்பனைக்குப் பதினைந்து சதவீதம், வெளிநாட்டு உரிமைக்கும் சினிமாவுக்கும் இருபது என்பது பொதுவான கணக்கு. கைக்காசைப் போட்டு எழுத்தாளர் வீட்டு வாடகை கட்டும் ஏஜென்ட் அபூர்வம், முன்பணம் பதிப்பாளரிடமிருந்தே வருகிறது. 1974-ல் அமைந்த ஏஜென்ட்டுகள் சங்கத்தின் விதிப்படி எழுத்தாளர்களின் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில்தான் வைக்க வேண்டும், அலுவலகச் செலவோடு கலக்கக் கூடாது. அந்த விதி 1939-ல் இருந்திருந்தால் எரிக் மாட்டியிருக்கமாட்டார். 1909-ல் இருந்திருந்தால், அந்த ரஷ்ய நாவலை எழுதி முடிக்கும்வரை கான்ராட் வீட்டுக் கடைக்காரர் யாரிடம் போயிருப்பார் என்று தெரியவில்லை.